ஓத்ராந்தோ: அந்த 800 பேர் எதற்காகக் கொல்லப்பட்டார்கள்?

பாய்மரம் (இழையைத் தொடங்கியவர்)

இத்தாலியைப் பூட்ஸ் போல வரைந்து காட்டுவார்கள் அல்லவா? அந்தப் பூட்ஸின் குதிகாலில், கிழக்குப் பார்த்த ஓரத்தில் இருக்கிறது ஓத்ராந்தோ. ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். போன அக்டோபரில் லெச்சேயிலிருந்து புறப்பட்டு, மால்யேயில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் ஆலிவ் தோப்புகள் பட்டுப்போய்ச் சாம்பல் நிறத்தில் நின்றன. சைலெல்லா என்ற பாக்டீரியா செய்த வேலை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கோட்டைச் சுவருக்குள் நுழைந்தால் தெருவோரங்களில் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. பெரிய பூசணிக்காய் அளவு. ஒரு கடைக்காரர் அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தார். அவை 1480இல் ஒட்டோமான் (துருக்கியப் பேரரசின்) படை சுட்ட பீரங்கிக் குண்டுகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் கேட்க வந்தது வேறு. அங்குள்ள பேராலயத்தில் பீடத்துக்குப் பின்னால் ஆளுயரத்தைவிடப் பெரிய கண்ணாடி அலமாரிகள் நிற்கின்றன. உள்ளே மண்டையோடுகள், பாத்திரக் கடையில் குடம் அடுக்கியதுபோல வரிசை வரிசையாக. இடுக்குகளில் கை கால் எலும்புகள். 1480 ஆகஸ்டில் மதம் மாற மறுத்துத் தலை வெட்டப்பட்ட 800 ஊர்க்காரர்கள் என்று சொல்கிறார்கள். திரும்பும் வழியில் ரயிலில் படித்த கட்டுரை ஒன்று, அந்தக் கொலைகளுக்கும் மத மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்றது. இரண்டில் எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்கழிப்பனி

முதலில் ஒரு வேண்டுகோள், பாய்மரம். அவை எங்களுக்குப் புனிதர்களின் திருப்பண்டங்கள். குடம் என்ற உவமை வேண்டாம்.

நடந்ததை நான் அறிந்தவரை சொல்கிறேன். 1480 ஜூலை 28 அன்று ஒட்டோமான் தளபதி கெதிக் அகமது பாஷாவின் கப்பல்கள் கரைக்கு வந்தன. சரணடைந்தால் உயிர்ப்பிச்சை என்றார்கள், ஊரார் மறுத்தார்கள். கோட்டைச் சாவியைக் கடலில் எறிந்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. இரண்டு வாரம் குண்டு விழுந்தது. ஆகஸ்ட் 11இல் சுவர் உடைந்தது. பேராயர் ஸ்தேஃபனோ பெந்தினெல்லியும் உயிரிழந்தார்.

உயிரோடு பிடிபட்ட ஆண்களை மதம் மாறச் சொன்னார்கள். அந்தோனியோ பிரிமால்தோ என்ற வயதான துணித் தொழிலாளி, தையற்காரர் என்றும் சொல்வார்கள், எல்லாருக்கும் முன்னால் எழுந்து மறுத்துப் பேசினார். மற்றவர்களும் அவர் பின்னால் நின்றார்கள். ஆகஸ்ட் 14 அன்று ஊருக்கு வெளியே மினர்வா குன்றில் ஒவ்வொருவராக வெட்டினார்கள். முதலில் வெட்டுப்பட்ட பிரிமால்தோவின் உடல், கடைசி ஆள் விழும்வரை சாயாமல் நின்றது என்பது மரபு. 1771இல் பதினான்காம் கிளமென்ட் திருத்தந்தை முத்திப்பேறு, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, அளித்தார். 2013 மே 12 அன்று பிரான்சிஸ் திருத்தந்தை, பொதுவாக 800 என்று சொல்லப்படும் அந்த 813 பேரையும் புனிதர் பட்டியலில் சேர்த்தார்.

இன்னொரு செய்தி. அந்தப் புனிதர் பட்ட விழாவின் தேதியை அறிவித்த கூட்டம் 2013 பிப்ரவரி 11இல் நடந்தது. அப்போதைய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் பதவி விலகலை அறிவித்ததும் அதே கூட்டத்தில்தான். உலகம் முழுக்கச் செய்தி அந்தப் பக்கம் ஓடிவிட்டது. ஓத்ராந்தோ ஒரு பத்திச் செய்தியாக நின்றுபோனது.

செல்லரித்த ஏடு

மார்கழிப்பனி சொன்ன தேதிகள் சரி. சிக்கல் தேதிகளில் இல்லை, காரணத்தில்தான் இருக்கிறது.

பிடிபட்டவர்களைக் கொன்றார்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் சம்பவத்தை ஒட்டி எழுதப்பட்ட முதல் குறிப்புகளில், ஆயிரம் பேர் வரை கொல்லப்பட்டார்கள், பேராயரும் இறந்தார் என்று இருக்கிறதே ஒழிய, 'மதம் மாறினால் உயிர்' என்ற நிபந்தனை இல்லை. ஃபிரான்செஸ்கோ தாத்தியோ என்ற வரலாற்றாசிரியர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அன்றைய தூதர்களின் அறிக்கைகளிலும் மறைசாட்சியம், அதாவது மதத்துக்காக உயிர் விடுதல், என்ற பேச்சே இல்லை. நான்சி பிஷாகா என்ற வரலாற்றாசிரியரின் கணிப்பு, கொல்லப்பட்டவர்களைவிட அடிமைகளாக விற்கப்பட்டவர்களே அதிகமாக இருக்கும் என்பது.

நாம் இன்று கேட்கும் வடிவத்துக்கு முக்கிய ஆதாரம் 1539இல் திருச்சபை நடத்திய விசாரணை. 59 ஆண்டுகள் கழித்து, ஊரில் மிஞ்சிய முதியவர்களை உட்காரவைத்துக் கேட்டார்கள். பேராயரின் சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாளால் வெட்டினார்கள் என்கிறது ஒரு கதை, ரம்பத்தால் அறுத்தார்கள் என்கிறது இன்னொன்று, பயத்திலேயே உயிர் போய்விட்டது என்கிறது மூன்றாவது. ஒருவர் ஒரு முறைதான் சாக முடியும்.

மார்கழிப்பனி

59 ஆண்டு என்று இவ்வளவு லேசாகச் சொல்கிறீர்கள். பத்து வயதில் தகப்பனை இழுத்துப்போனதைப் பார்த்த பையன் எழுபதிலும் அதை மறப்பானா? என் பாட்டி 1964 புயலை எண்பது வயதில் சொன்னபோது காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதைக்கூடச் சொன்னார். தூதர்கள் எழுதவில்லை என்றால், தூதர்களுக்கு வேண்டியது கப்பல் எண்ணிக்கையும் படை எண்ணிக்கையும். ஒரு துணித் தொழிலாளி என்ன பேசினார் என்பது வெனிஸ் தூதருக்கு எதற்கு?

செல்லரித்த ஏடு

நியாயமான பதில்தான். நான் ஒப்புக்கொள்ளும் அளவு இது: சிலரிடம் அப்படிக் கேட்டிருக்கலாம், சிலர் மறுத்திருக்கலாம். ஆனால் 800 பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள் என்ற காட்சி, பிறகு செதுக்கிச் செதுக்கி வந்தது என்பது என் எண்ணம். திசையை மறக்காத பாட்டிகூட, கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அலையைக் கொஞ்சம் உயர்த்தியிருப்பார் அல்லவா?

போர் மரபையும் பாருங்கள். சரணடைய மறுத்து, சுவர் உடைத்து நுழையவைத்த ஊருக்கு இரக்கம் கிடையாது என்பது அன்று எல்லாத் தரப்பிலும் இருந்த நடைமுறை. எட்டே ஆண்டுகளுக்கு முன், 1472இல், வோல்தெர்ரா சரணடைந்த பிறகும் ஃபிளாரன்ஸின் கூலிப்படை அந்த ஊரைச் சூறையாடியது. இரு தரப்பும் கிறித்தவர்கள்தான். அதற்கு யாரும் குன்றின்மேல் தேவாலயம் கட்டவில்லை.

கணக்குப்பிள்ளை

எனக்கு மதமும் தெரியாது, போர் மரபும் தெரியாது. எண்ணத் தெரியும்.

இணையத்தில் பல இடங்களில் '12,000 பேர் கொலை, 5,000 பேர் அடிமை' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பாய்மரத்திடம் ஒரு கேள்வி: கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆனது?

பாய்மரம்

படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் தின்றுகொண்டு, அரை மணி நேரம். வேகமாக நடந்தால் அதுகூட ஆகாது.

மார்கழிப்பனி, உவமைக்கு மன்னிக்கவும். உள்ளே நின்றபோது எனக்கும் பேச்சு வரவில்லை என்பதே உண்மை.

கணக்குப்பிள்ளை

அரை மணி நேரத்தில் சுற்றிவரும் சுவருக்குள் பதினேழாயிரம் பேர்! சுற்றுப்புறக் கிராமத்தார் எல்லாரும் உள்ளே அடைக்கலம் புகுந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குக் கணக்கு உதைக்கிறது. 800 என்ற எண்ணே இதைவிட நம்பும்படி இருக்கிறது.

அடுத்த கேள்வி எலும்பு பற்றி. ஒட்டோமான் படை அங்கே பதின்மூன்று மாதம் இருந்தது. 1481 செப்டம்பரில்தான் ஊர் மீண்டது. அதுவரை உடல்கள் குன்றிலேயே கிடந்தன என்பது கதை. மீட்பதற்காக நடந்த சண்டையிலும் இரு தரப்பிலும் ஆட்கள் செத்திருப்பார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பொறுக்கி எடுத்த எலும்பில் எது யாருடையது என்று எப்படிப் பிரித்தார்கள்?

பலெர்மோவாசி

நான் யாழ்ப்பாணம். இருபது வருடங்களாக பலெர்மோவில் இருக்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணாவின் கேள்வி அறிவுக்குச் சரி. ஆனால் இந்த நாட்டில் எலும்பு அப்படி வேலை செய்வதில்லை.

எங்கள் நகரத்தின் காவல் புனிதை ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது பெல்லெகிரினோ மலைக் குகையில் அவரது எலும்புகள் கிடைத்தன, ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், நோய் நின்றது என்பது நம்பிக்கை. அந்த மலைக்கு இன்று நடந்து ஏறுகிறவர்களில் எங்கள் சனம் நிறைய. வேதக்காரர் மட்டுமில்லை, நெற்றியில் திருநீறு பூசிய சைவரும்தான். அது யாருடைய எலும்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. நேர்த்தி வைத்தோம், பலித்தது, ஏறுகிறோம்.

ஓத்ராந்தோ எலும்புகள் எல்லாம் ஓத்ராந்தோவிலும் இல்லை. ஊரை மீட்ட நேப்பிள்ஸ் இளவரசர் அல்ஃபோன்சோ ஒரு பகுதியை நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே சாந்தா கத்தரீனா அ ஃபொர்மியெல்லோ என்ற தேவாலயத்தில் இருக்கின்றன.

செல்லரித்த ஏடு

பலெர்மோவாசி தொட்ட இடம் முக்கியமானது. அந்த எலும்பை நேப்பிள்ஸுக்கு எடுத்துப்போன அல்ஃபோன்சோ, 1480 ஜூலையில் எங்கே இருந்தார்? அப்பா ஃபெர்ரான்தே நேப்பிள்ஸ் அரசர். மகன் படையோடு தோஸ்கானாவில், சியேனாவில் உட்கார்ந்திருந்தார். ஃபிளாரன்ஸோடு நடந்த போர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது. கிடைத்த இடத்தை விட மனமில்லை. நாட்டின் குதிகால் திறந்து கிடந்தது. வெனிஸோ, முந்தைய ஆண்டுதான் சுல்தானோடு சமாதானம் செய்திருந்தது, விரல்கூட அசைக்கவில்லை.

அதே கோடையில் சுல்தான் இரண்டாம் மெக்மெதின் இன்னொரு படை ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டுத் தோற்றது. ஓத்ராந்தோவில் வென்றது. கான்ஸ்தாந்திநோபிளைப் பிடித்தவர், தம்மை ரோமானியப் பேரரசர் என்றே அழைத்துக்கொண்டவர், இப்போது இத்தாலி மண்ணில் கால் வைத்துவிட்டார். ரோமாபுரி நடுங்கியதில் வியப்பில்லை.

பிறகு நடந்தது நல்லூழ். 1481 மே 3 அன்று சுல்தான் இறந்தார். மகன்கள் பாயசீதும் செம்மும் அரியணைக்கு மோதிக்கொண்டார்கள். ஓத்ராந்தோவில் இருந்த படைக்கு உதவி வரவில்லை, செப்டம்பரில் சரணடைந்தது. ஹங்கேரி மன்னர் மத்தியாஸ் அனுப்பிய வீரர்களும் முற்றுகையில் இருந்தார்கள். வெற்றி அல்ஃபோன்சோவின் பெயரில் எழுதப்பட்டது. கெதிக் அகமது பாஷாவின் கதையும் நன்றாக முடியவில்லை; அடுத்த ஆண்டே புதிய சுல்தான் பாயசீத் அவரைக் கொன்றுவிட்டார்.

காப்பாற்ற வராத அரசகுலத்துக்கு அந்த 800 பேரும் மறைசாட்சிகளாக இருப்பது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். மறைசாட்சி என்றால் அது இறைவனின் திட்டம். இல்லையென்றால், படை எங்கே போயிருந்தது என்ற கேள்வி வரும்.

மார்கழிப்பனி

அரசர்கள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் செத்தவர்களின் விசுவாசம் பொய்யாகிவிடாது. இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம்.

செல்லரித்த ஏடு

ஒப்புக்கொள்கிறேன். நான் கட்டிவிட்டேன்.

மட்டுறுத்துநர்

இந்த இடத்தில் இருந்த நான்கு பதில்களை நீக்கியிருக்கிறேன். 1480இல் நடந்ததற்கு இன்று நம் தெருவில் இருப்பவர்களைப் பொறுப்பாக்கும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. இழை தொடரட்டும்.

பாய்மரம்

நன்றி. வேறு பக்கம் போவோம். அந்தப் பேராலயத்தில் நான் அதிக நேரம் நின்றது எலும்புக்கு முன்னால் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

முழுத் தரையும் சிறு கல் பதித்த சித்திரம். 1163இல் தொடங்கி 1165இல் முடித்திருக்கிறார்கள். செய்தவர் பந்தலேயோனே என்ற துறவி, செய்யச் சொன்னவர் பேராயர் ஜோனாத்தா என்று தரையிலேயே எழுதிவைத்திருக்கிறது. நடுக்கூடத்தில் கயிறு கட்டியிருந்ததால் ஓரமாகத்தான் நடக்க முடிந்தது. கழுத்து வலித்தது.

வாசலில் தொடங்கி ஒரு பெரிய மரம் பீடம் நோக்கி வளர்கிறது. அந்த மரம் நிற்பது எதன்மேல் தெரியுமா? இரண்டு யானைகளின் முதுகில்! நம் ஊர்க் கோயிலில் யானைக்குப் பழம் கொடுத்து வளர்ந்தவனுக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வருமா? யானையை நேரில் பார்த்தவர் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாரம் தாங்குகிற பிராணி என்று கேள்விப்பட்டிருக்கிறார், அது போதும்.

கிளைகளில் யார் யாரோ இருக்கிறார்கள். ஆதாமும் ஏவாளும், காயீனும் ஆபேலும், நோவாவின் பேழைக்கு மரம் அறுக்கிறவர்கள், பாபேல் கோபுரத்துக்குக் கல் சுமக்கிறவர்கள். இந்தப் பக்கம் அலெக்சாந்தர், கழுகு முகமும் சிங்க உடலும் உள்ள இரண்டு விலங்குகளைக் கட்டி வானத்துக்குப் பறக்கப் பார்க்கிறார். மேலே போனால் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாத ராசியும் அந்த மாத வேலையும்: அறுப்பு, திராட்சை, உழவு. அதையும் தாண்டினால் ஆர்தர் ராஜா. பெயர் எழுதியிருக்கிறது. அவர் ஏறியிருப்பது குதிரை இல்லை, கொம்பு வைத்த ஆடு போன்ற ஒன்று!

இங்கிலாந்து ராஜாவுக்குத் தென்னித்தாலித் தேவாலயத்துத் தரையில் என்ன வேலை?

செல்லரித்த ஏடு

நார்மன்கள் கொண்டுவந்தார்கள். வடபிரான்சிலிருந்து வந்து தென்னித்தாலியையும் சிசிலியையும் பிடித்தவர்கள் அவர்கள்தான். இங்கிலாந்தைப் பிடித்ததும் அவர்களின் உறவுக்கூட்டம். ஓத்ராந்தோ அதற்கு முன் பைசாந்தியப் பேரரசின் துறைமுகம், கிரேக்க ஊர். 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கைமாறியது. 1088இல் இந்தப் பேராலயம் அபிஷேகம் ஆனது. இன்று பிரபலமாக இருக்கும் பிரெஞ்சு ஆர்தர் காவியங்கள் எழுதப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆர்தர் இந்தத் தரைக்கு வந்துவிட்டார் என்பதுதான் விசேஷம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பகுதியை 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது மாற்றிவிட்டார்கள். அவர் தலையில் நீங்கள் பார்த்த கிரீடத்தைப் பழைய வரைபடத்தில் காணோம்.

நிலவறைக்குள் இறங்கினீர்களா? நாற்பதுக்கு மேற்பட்ட தூண்கள், ஒன்றின் தலைப்பு மற்றொன்றைப் போல இருக்காது. பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்தியவை பல.

கணக்குப்பிள்ளை

'ஓத்ராந்தோ கோட்டை' என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய பேய் நாவல் உண்டே, அது இந்தக் கோட்டைதானா?

செல்லரித்த ஏடு

பெயர் மட்டும். 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதியது. அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. வரைபடத்தில் பெயர் காதுக்கு நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டார். அங்கே உண்மையிலேயே ஒரு கோட்டை இருக்கிறது என்பது, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு சீமாட்டி அதன் படத்தை அனுப்பிவைத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது அங்கே வரும் ஆங்கிலப் பயணிகளில் சிலர் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். நாம் இன்று பார்க்கும் கோட்டை, 1480க்குப் பிறகு, ஃபெர்ரான்தேயின் குலமான அரகோன் அரசர்கள் பட்ட பிறகு புத்தி வந்து எழுப்பியது.

என்னைக் கேட்டால் 1480இல் போனவற்றில் யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் கசோலே என்ற மடம் இருந்தது. புனித நிக்கோலாவின் பெயரில், 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. கிரேக்கத் துறவிகள், கிரேக்க வழிபாடு, கிரேக்க நூலகம். அந்த நூலகம் புத்தகத்தை வெளியே இரவல் கொடுத்தது! யாருக்கு எந்தப் புத்தகம் போனது என்ற குறிப்பு, 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மடத்து ஒழுங்கு நூலின் ஏடுகளில் இருக்கிறது. அந்த ஏடு வட இத்தாலியின் தூரினோவுக்குப் போய், 1904இல் அங்கே நூலகம் எரிந்தபோது அதுவும் கருகியது.

15ஆம் நூற்றாண்டில் கர்தினால் பெஸ்ஸாரியோன் அங்கே ஒரு சுவடியைக் கண்டெடுத்தார். திராய்ப் போரை ஹோமர் விட்ட இடத்திலிருந்து பாடிய குயிந்துஸ் என்ற கிரேக்கப் புலவரின் காவியம். அதனால்தான் அந்தப் புலவருக்குக் 'கலாபரியர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பழங்காலத்தில் இந்தக் குதிகால் பகுதிக்குத்தான் கலாப்ரியா என்று பெயர். புலவர் கலாப்ரியாவைப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். சுவடி கிடைத்த இடம் அவர் ஊராகிவிட்டது.

பெஸ்ஸாரியோன் எடுத்தது பிழைத்தது. 1480இல் மடத்தைச் சூறையாடினார்கள், மிஞ்சியது போனது. என்னென்ன நூல்கள் இருந்தன என்ற முழுப் பட்டியல்கூட இல்லை. அந்த 813 பேருக்கு விழா நாள் இருக்கிறது. கசோலேவுக்கு, ஒரு பண்ணைக்குள் நிற்கும் இரண்டு மூன்று சுவர்கள்.

மார்கழிப்பனி

இது எனக்குத் தெரியாது. நான் இரண்டு முறை ஓத்ராந்தோ போயிருக்கிறேன். ஒருவரும் அந்தப் பக்கம் கைகாட்டவில்லை.

அந்த ஊரில் கிரேக்கம் பேசினார்கள் என்றால், பிரிமால்தோ குன்றில் கடைசியாகப் பேசியது எந்த மொழியில்?

செல்லரித்த ஏடு

அருமையான கேள்வி. பேராலயம் லத்தீன் வழிபாடு, மடம் கிரேக்க வழிபாடு, சந்தையில் இரண்டும் கலந்த பேச்சு என்றுதான் 12ஆம் நூற்றாண்டு ஓத்ராந்தோவை நினைத்துக்கொள்கிறேன். பிரிமால்தோ காலத்துக்குள் லத்தீன் பக்கம் கை ஓங்கிவிட்டது. ஆனால் கிரேக்கம் சாகவில்லை. உள்நாட்டில் கலிமேரா, மர்த்தானோ, ஸ்தெர்னாத்தியா போன்ற ஊர்களில் கிரீக்கோ என்ற கிரேக்கப் பேச்சு இன்னும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது. கலிமேரா என்ற பெயரே கிரேக்கத்தில் 'காலை வணக்கம்' போல ஒலிக்கும்.

பலெர்மோவாசி

ஸ்தெர்னாத்தியாவில் ஒரு கிழவர், பேரனோடு இத்தாலிய மொழியில் பேசிவிட்டுத் தன் மனைவியிடம் திரும்பி வேறு மொழியில் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். திட்டுவதற்கு வைத்திருக்கிற மொழி கடைசிவரை இருக்கும்.

இந்த இழையை 1480இலேயே நிறுத்திவிட வேண்டாம். கடலைப் பாருங்கள். ஓத்ராந்தோவுக்கு எதிர்க்கரை அல்பேனியா. நீரிணையின் ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய 72 கிலோமீட்டர்தான்; காற்று வெளுத்த நாளில் அந்தப் பக்கத்து மலை தெரியும். பாஷாவின் கப்பல்கள் புறப்பட்டது எதிரே உள்ள வ்லோரா துறையிலிருந்து.

அதே வ்லோராவிலிருந்து 1997 மார்ச் 28, பெரிய வெள்ளியன்று, கத்தேர் இ ராதேஸ் என்ற சிறிய பழைய ரோந்துக் கப்பல் சனத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அந்த வருடம் அல்பேனியாவில் சீட்டுக் கம்பனிகள் கவிழ்ந்து, சேமிப்பெல்லாம் போய், நாடே கலவரமாகிக் கிடந்தது. இத்தாலி கடற்படை நடுக்கடலில் மறித்தது. 'சிபில்லா' என்ற போர்க்கப்பல் அதன்மேல் மோதியது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பிறகு இரண்டு கப்பல் தலைவர்களுக்கும் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது.

நானும் ஒரு காலத்தில் படகில் இந்த நாட்டுக்கு வந்தவன்தான். அதனால் இந்தக் கதையை மட்டும் என்னால் இரண்டு பக்கமும் சமமாக வைத்துச் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை

எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்றால் சரியான எண் என்ன?

பலெர்மோவாசி

57 உடல்கள் கிடைத்தன. மற்றவர்கள் கடலோடு போனார்கள். கப்பலில் ஏறும்போது யாரும் பெயர் எழுதி வாங்கவில்லை, அண்ணா. அதனால் ஒவ்வோரிடத்தில் ஒவ்வோர் எண்ணைப் பார்ப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை

நம் காலத்தில், செய்தித்தாளும் நீதிமன்றமும் இருந்த ஆண்டில் நடந்தது. அதற்கே எண் நிற்கவில்லை. 1480க்கு நான் கணக்குக் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்கழிப்பனி

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. கேளுங்கள். 813இல் பிரிமால்தோவைத் தவிர மற்ற பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்? திருச்சபைப் பட்டியலிலேயே 'அந்தோனியோ பிரிமால்தோவும் தோழர்களும்' என்றுதான் இருக்கிறது. பெயரில்லாத தோழர்களுக்காகத்தான் நான் ஆகஸ்ட் 14இல் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

பாய்மரம்

பலெர்மோவாசி, அந்தக் கப்பல் பிறகு என்ன ஆனது?

பலெர்மோவாசி

கடலடியிலிருந்து தூக்கினார்கள். வழக்குக்காக வைத்திருந்தார்கள், பிறகு துருப்பிடித்துக் கிடந்தது. 2012இல் கோஸ்தாஸ் வரோத்சோஸ் என்ற கிரேக்கச் சிற்பி அதன் உடலைக் கண்ணாடித் தகடுகளோடு சேர்த்து நினைவுச் சின்னமாக ஆக்கினார். ஓத்ராந்தோ துறைமுகத்தில்தான் நிற்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்களே?

பாய்மரம்

என் கைப்பேசியில் இருக்கும் படங்களை இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். துறைமுகத்தில் எடுத்தது மூன்று. ஒன்றில் வலைக்காரர்கள். ஒன்றில் நான். மூன்றாவதில், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, துருவேறிய கப்பல் ஒன்று, உடலெங்கும் பச்சைக் கண்ணாடி பாய்ந்து நிற்கிறது. பழுதுபார்க்க ஏற்றிவைத்த கப்பல் என்று நினைத்தேன். அதன் நிழலில் நின்றுதான் மால்யே வண்டிக்கு நேரம் பார்த்தேன்.